1378-இல் உண்மையான போப்பாண்டவர் யார்? அர்பனா, கிளமெண்டா, இல்லை இதைச் சொல்லும் உரிமையே சங்கத்துக்குத்தானா?

வைகைக்கரையான்:
சிலுவைப்போர் பற்றிய இழையில் பேச்சுவாக்கில் கிளாரா அக்கா ஒன்று சொன்னார்: "மேற்குப் பிளவுக் காலத்தில் மூன்று திருத்தந்தையர் இருந்தார்கள் என்பதே பிழை. இருந்தவர் ஒருவர்தான், ரோம் வரிசையில் வந்தவர். மற்றவர்கள் எதிர் திருத்தந்தையர். வத்திக்கான் பட்டியலைப் பாருங்கள்." அங்கேயே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரி, இன்றைய தெற்குப் பிரான்ஸிலுள்ள அவிஞ்ஞோனை விட்டு 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு மார்ச் 27-இல் இறந்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பதவி மறுபடியும் கைநழுவிப் போய்விடுமோ என்று ரோம் மக்கள் தெருவில் திரண்டார்கள். அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க ஏப்ரல் 7 அன்று வத்திக்கான் அரண்மனைக்குள் போன கர்தினால்கள் 16 பேர்: 11 பிரெஞ்சுக்காரர்கள், 4 இத்தாலியர்கள், அரகோனைச் சேர்ந்த பேத்ரோ தெ லூனா. வெளியே "ரோமானியன் வேண்டும், இல்லாவிட்டால் இத்தாலியனாவது வேண்டும்" என்று கூச்சல். மறுநாள் பாரி நகரப் பேராயர் பர்த்தலோமேயோ பிரிஞ்ஞானோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கர்தினால்கூட இல்லை. ஆறாம் அர்பன் என்று பெயர் சூடினார். நான்கு மாதம் கழித்து அதே கர்தினால்களில் பெரும்பாலோர் "உயிருக்குப் பயந்து போட்ட ஓட்டு, செல்லாது" என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 20-இல் ஃபோந்தி என்ற ஊரில் கூடி ஜெனீவாவின் ராபர்ட்டை ஏழாம் கிளமெண்டாக்கினார்கள். அவர் அவிஞ்ஞோன் போய் உட்கார்ந்தார். 1409-இல் பீசாவில் கூடிய சங்கம் (அதாவது ஆயர்களும் கர்தினால்களும் கூடும் திருச்சபையின் பொது மாநாடு) இரண்டு வரிசையையும் தள்ளிவிட்டு ஐந்தாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தது. மற்ற இருவரும் விலகவில்லை, மூன்றாகிவிட்டது. 1417-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த பிறகே ஒரு வழிக்கு வந்தது.

என் கட்சி இதுதான். அந்த 39 ஆண்டுகளில் வாழ்ந்த யாருடைய கையிலும் இன்றைய பட்டியல் இல்லை. பிளவை முடித்துவைத்தது சங்கம். முடிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருந்தது என்று ஒப்புக்கொள்ளாமல் மார்ட்டினையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் ஏற்க முடியாது. பட்டியல் இந்த விஷயத்தை மூடி மறைக்கிறது.

கிளாரா திருச்சி:
தம்பி, நான் பட்டியலைக் காட்டியது அதை வேதவாக்காக நினைத்து அல்ல. அதன் பின்னால் இருக்கும் நியாயத்துக்காக. ஏப்ரலில் நடந்த தேர்தல் முறையானது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தையை விசாரிக்க இவ்வுலகில் யாருக்கும் உரிமை இல்லை. விசுவாசத்திலிருந்து விலகினால் மட்டுமே விதிவிலக்கு. கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத்தில் அப்போதே இது இருந்தது. கர்தினால்களின் வேலை தேர்ந்தெடுப்பதோடு முடிந்தது. பிடிக்கவில்லை என்றதும் வேறொருவரை உட்கார வைக்கலாம் என்றால் எந்தத் திருத்தந்தை பதவியில் நிலைக்க முடியும்?

அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 1377 பிப்ரவரியில் செசேனா நகரத்தில் கூலிப்படையை ஏவி ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற தூதர் இதே ராபர்ட்தான். நூல்களில் "செசேனாவின் கசாப்புக்காரர்" என்றே அவரைக் குறிப்பிடுகிறார்கள். அர்பனின் கடுமை தாங்கவில்லை என்று வெளியே போனவர்களுக்கு இவர் எப்படிப் பொருத்தமானவரானார்?

யாழ்வாணன்:
எல்லோரும் அர்பன் பக்கம் நின்றே கதைக்கிறீர்கள். மற்றப் பக்கத்தின் நியாயத்தையும் ஒருவர் எடுத்துவைக்க வேண்டும்.

ஏப்ரல் 8 காலையில் என்ன நடந்தது? ஊரைத் திரட்ட அபாய மணி அடித்தார்கள். தேர்தல் முடிந்து முடிவு வெளியாவதற்கு முன்பே கூட்டம் கதவை உடைத்து உள்ளே புகுந்தது. கர்தினால்கள் பயத்தில் என்ன செய்தார்கள் தெரியுமோ? தங்களுக்குள் இருந்த தெபால்தெஸ்கி என்ற முதிய ரோமானியக் கர்தினாலைப் பிடித்து, பாப்பரசருக்குரிய உடையைப் போர்த்தி, அரியணையில் உட்காரவைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். அந்தக் கிழவர் "நான் பாப்பரசர் இல்லை" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் குழப்பத்தில் மற்றவர்கள் தப்பி ஓடினார்கள். சிலர் சான்த் ஆஞ்சலோ கோட்டைக்குள் புகுந்தார்கள், சிலர் ஊரை விட்டே போனார்கள். இதைச் சுதந்திரமான தேர்தல் என்று எந்த மனச்சாட்சியோடு சொல்வது?

கஸ்தீல் அரசு இதை அப்போதே விசாரித்தது. 1380-81-இல் மெதினா தெல் காம்போவில் இரண்டு தரப்புச் சாட்சிகளையும் கூப்பிட்டு, வாக்குமூலங்களை எழுதி வாங்கி, மாதக்கணக்கில் ஆராய்ந்தபின் கிளமெண்டை ஏற்றது.

வக்கீல் துரை:
யாழ்வாணன் சொன்ன அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எனக்கு அது நேர் எதிரான சாட்சியமாகவே படுகிறது.

கூட்டத்துக்குப் பயந்துதான் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், கூட்டம் முதலில் கேட்ட ரோமானியனையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் பிரிஞ்ஞானோ நேப்பிள்ஸ்காரர். அதை வெளியே சொல்லப் பயந்துதான் தெபால்தெஸ்கியை முன்னால் நிறுத்தினார்கள். பயம் இருந்தது, மறுக்கவில்லை. அந்தப் பயம் முடிவை அறிவிப்பதில் இருந்தது. முடிவை எடுத்ததில் எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. பிரெஞ்சுக்காரர்களுக்குள்ளேயே லிமோசன் பகுதிக் கோஷ்டி ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் நிலை இல்லை. அவிஞ்ஞோனில் நெடுநாள் வேலை பார்த்த, நிர்வாகம் தெரிந்த பிரிஞ்ஞானோவின் பெயர் அரண்மனைக்குள் போவதற்கு முன்பே அடிபட்டது.

சட்டத்தில் எடை அதிகம் உள்ளது அடுத்து நடந்தவற்றுக்குத்தான். ஏப்ரல் 9: கூட்டம் கலைந்துவிட்டது. 12 கர்தினால்கள் திரும்பி வந்து அர்பனை அரியணையில் ஏற்றினார்கள். ஏப்ரல் 18: ஈஸ்டர் ஞாயிறு, முடிசூட்டு. மறுநாள் அவிஞ்ஞோனில் தங்கிவிட்ட ஆறு கர்தினால்களுக்கு, சுதந்திரமாக, ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம் என்று கடிதம் எழுதினார்கள். அர்பனிடம் சலுகைகளும் மானியங்களும் கேட்டு மனு கொடுத்தார்கள். ராபர்ட்டும் அதில் உண்டு. மிரட்டிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான் என்று வழக்குப் போடுகிறவன், கையெழுத்துப் போட்ட மறுவாரம் அதே ஆளிடம் மீதித் தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்திருந்தால் எந்தக் கோர்ட்டும் அவன் பேச்சைக் கேட்காது. பயத்தில் செய்ததைப் பயம் நீங்கியபின் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டால் அது செல்லும். அன்றைய திருச்சபைச் சட்ட நிபுணர்களும் இந்த அடிப்படையில்தான் வாதாடினார்கள்.

யாழ்வாணன்:
பயம் எப்போது நீங்கியது, துரை அண்ணா? ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர்கள் ரோமில்தான் இருந்தார்கள். அதே கூட்டம், அதே தெரு. வாய் திறக்கக்கூடிய இடத்துக்கு, ரோமுக்கு வெளியே அனாக்னி என்ற ஊருக்கு, போன பிறகுதானே திறந்தார்கள்? "இத்தாலியனாவது" என்றும் அந்தக் கூட்டம் கத்தியது. 11 பிரெஞ்சுக்காரர்கள் இருந்த இடத்தில், வெளியே ஆயுதம் இல்லாவிட்டால் ஒரு இத்தாலியர் வந்திருப்பாரா?

வக்கீல் துரை:
அனாக்னி போன பிறகும் சில வாரம் அர்பனைத் திருத்தந்தை என்றே குறித்து வந்தார்கள். இதை எப்படி விளக்குவீர்கள்? லூனா எல்லோரையும்விடத் தாமதமாகத்தான் அங்கே போனார்.

அவர்கள் மனம் மாறியதற்கு உண்மையான காரணம் பயம் அல்ல, அர்பனின் நடத்தை. பதவி ஏறியதும் மனிதர் மாறிப்போனார். கர்தினால் ஒர்சினியை எல்லோர் முன்னும் முட்டாள் என்று திட்டினார். விருந்தில் ஒரு வகைக்கு மேல் பரிமாறக் கூடாது என்றார். அரசர்களிடமிருந்து கர்தினால்களுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையில் கைவைத்தார். இத்தாலியர்களைப் புதிதாக நியமித்து உங்களைச் சிறுபான்மையாக்குவேன் என்று மிரட்டினார். சீர்திருத்தம் தேவையாகவே இருந்தது, அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் நிதானம் இல்லாதவரிடம் எல்லை இல்லாத அதிகாரம் போய்ச் சேர்ந்தது.

இதில்தான் எனக்கு அக்கறை. "இவர் இந்தப் பதவிக்குத் தகுதியற்றவர்" என்று சொல்லி நீக்கச் சட்டத்தில் வழி இல்லை. கிராசியன் திறந்துவைத்த ஒரே கதவு விசுவாசத் துரோகம். அர்பன் விசுவாசத்தில் தவறவில்லை. ஆகவே மீதமிருந்த ஒரே வழி, தேர்தலே செல்லாது என்பது. பொய்யென்று தெரிந்தே சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையிலேயே பயந்த ஒரு பகலை, வேறு காரணத்துக்காகப் பெரிதாக்கினார்கள்.

இந்த ஓட்டை எவ்வளவு கொடியது என்பதை 1385-இல் பாருங்கள். பார்த்தோலினோ என்ற பியாசென்சா சட்ட நிபுணர், திறமையற்ற திருத்தந்தைக்கு மேற்பார்வையாளர்களை நியமிக்கலாம் என்று கருத்து எழுதிக் கொடுத்தார். அர்பனே நியமித்த கர்தினால்களில் ஆறு பேர் அந்த யோசனையோடு தொடர்பு கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. நோச்சேராக் கோட்டையில் அவர்களைச் சித்திரவதை செய்ய வைத்தார். ஐவரின் கதை ஜெனோவாவில் முடிந்தது. ஆறாமவர் ஆடம் ஈஸ்டன் ஆங்கிலேயர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் தலையிட்டதால் பிழைத்தார். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் அர்பன். அந்த முறைமை அந்த ஐந்து பேரைக் காப்பாற்றவில்லை.

பழந்தாள்:
எல்லோரும் ஏப்ரல் 8-ஐயே சுற்றிவருகிறீர்கள். எந்த நாடு யார் பக்கம் போனது என்று ஒரு முறை பாருங்கள். பிரான்ஸ் கிளமெண்ட் பக்கம். அதனால் பிரான்ஸோடு போரிலிருந்த இங்கிலாந்து அர்பன் பக்கம். இங்கிலாந்துக்கு ஆகாத ஸ்காட்லாந்து கிளமெண்ட் பக்கம். போர்ச்சுகல் அரசியல் காற்றுக்கேற்பப் பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. மெதினா தெல் காம்போ விசாரணை விரிவானதுதான், ஆனால் கஸ்தீலின் நட்பு நாடு பிரான்ஸ். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்குமா? யாருடைய தேர்தல் செல்லும் என்பதைவிட, அந்தந்த நாட்டுத் திருச்சபையின் வரியும் பதவி நியமனமும் எந்தப் பக்கம் போகும் என்பதே அரசர்களின் கணக்கு. இரண்டு அரண்மனையையும் ஊட்டியது, திருச்சபைப் பதவிக்குப் புதிதாக வருகிறவரின் முதலாண்டு வருமானத்தைப் பிடுங்கும் வரிதான்.

கிளாரா திருச்சி:
பழந்தாள் சொல்வது அரசர்களுக்குப் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது. புனிதர் சியன்னா கத்தரீனாவுக்கு எந்த வரியும் வரவில்லை. கிரகோரியை ரோமுக்குத் திரும்பச் சொல்லி மன்றாடியவர், அர்பனின் கோபத்தைக் கண்டித்து அவருக்கே எழுதியவர், ஆனாலும் அவர்தான் திருத்தந்தை என்பதில் கடைசிவரை அசையவில்லை. ஃபோந்திக்குப் போன கர்தினால்களுக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே வணங்கி, நீங்களே எங்களுக்கு அறிவித்தீர்கள், இப்போது பொய் என்றால் அப்போது சொன்னதற்கு என்ன பெயர்? துரை ஐயா சட்டமொழியில் சொன்னதை அந்தப் பெண் 1378-லேயே சொல்லிவிட்டார்.

யாழ்வாணன்:
மறுபக்கத்தில் வின்சென்ட் ஃபெரர் நின்றாரே, கிளாரா? அவரும் புனிதர்தான். கிளமெண்டுக்காகப் பிரசங்கம் செய்தார், பிறகு அவிஞ்ஞோன் வரிசையில் பதின்மூன்றாம் பெனடிக்ட் ஆன லூனாவுக்கு ஆன்ம ஆலோசகராக இருந்தார். இரண்டு புனிதர்கள், இரண்டு பாப்பரசர்கள். அந்தக் காலத்து நல்ல மனிதருக்குக்கூட எது உண்மை என்று தெரியவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

லூனாவைப் பற்றி ஒன்று. 1415-இல் பெர்ப்பிஞ்ஞானில் ஜெர்மானிய மன்னர் சிகிஸ்மண்ட் நேரில் வந்து பதவி விலகக் கேட்டபோது அவர் வைத்த வாதம் இது: பிளவுக்கு முன், மறுக்க முடியாத ஒரு பாப்பரசரால் கர்தினால் ஆனவர்களில் உயிரோடிருப்பது நான் ஒருவன்தான். மற்ற எல்லாக் கர்தினால்களின் பதவியும் சந்தேகத்துக்குரியது. ஆகவே சட்டப்படி அடுத்த பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என் ஒருவனுக்கே உண்டு. துரை அண்ணா, சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இந்த வாதத்தை எப்படி உடைப்பீர்கள்?

வைகைக்கரையான்:
யாழ்வாணன் சரியான இடத்தில் கைவைத்தார். சட்டத்தை அதன் கடைசி எல்லைவரை இழுத்தால் பெனிஸ்கோலாக் கோட்டையில் 1423 வரை உட்கார்ந்திருந்த லூனா என்ற முதியவரிடம் போய் நிற்கும். அதனால்தான் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜெர்சனும் பியர் தெய்யியும் வேறு வழி தேடினார்கள்: இருவரும் தாமாக விலகுவது, நடுவர் தீர்ப்பு, பொதுச்சங்கம். முதலிரண்டும் நடக்கவில்லை. 1408-இல் பெனடிக்ட் போர்த்தோவேனரேயிலும், ரோம் வரிசையின் பன்னிரண்டாம் கிரகோரி லூக்காவிலும் இருந்தார்கள். இடையே உள்ளது கொஞ்ச தூரம்தான். ஒருவர் கடற்கரையை விட்டு உள்ளே வரமாட்டார், மற்றவர் கரைக்கு வரமாட்டார். கடைசியில் இருவருடைய கர்தினால்களும் வெறுத்துப்போய் லிவோர்னோவில் ஒன்றுகூடினார்கள். பீசா அங்கிருந்து பிறந்தது.

பிறகு கான்ஸ்டன்ஸ். பீசா வரிசையில் அலெக்சாண்டருக்கு அடுத்து வந்த இருபத்துமூன்றாம் யோவான் கூட்டிய சங்கம் அது. தன் இத்தாலிய ஆயர்களின் தலை எண்ணிக்கையை நம்பி வந்தார். சங்கம் தலைக்கொரு ஓட்டு முறையை விட்டுவிட்டு நாட்டினங்களின்படி வாக்கெடுத்தது. அதோடு அவர் கணக்கு தவறியது. 1415 மார்ச் 20-இல் மாறுவேடத்தில் ஊரை விட்டு ஓடினார். கூட்டியவரே ஓடிவிட்டார், சங்கம் கலைந்துவிட வேண்டியதுதானே? கலையவில்லை. ஏப்ரல் 6-இல் தீர்மானம் போட்டது: இந்தச் சங்கத்தின் அதிகாரம் நேரடியாகக் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, விசுவாசம், பிளவை நீக்குதல், சீர்திருத்தம் ஆகியவற்றில் போப்பாண்டவரும் அதற்குக் கீழ்ப்பட்டவர். மே 29-இல் அவரை நீக்கியது. அதே சங்கம்தான் பொஹீமியச் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸை ஜூலை 6-இல் எரித்தது. அந்தக் கறையை நான் மறைக்க வரவில்லை. ஆனால் பிளவை முடித்த அதிகாரம் அந்த ஏப்ரல் தீர்மானம்தான்.

கிளாரா திருச்சி:
ஒரு நாளை விட்டுவிட்டீர்கள், தம்பி: 1415 ஜூலை 4. கிரகோரியின் சார்பில் ஜொவான்னி தொமினிச்சி, சங்கத்தைக் கூட்டும் ஆணையை வாசித்தார். திருத்தந்தையின் பெயரில் சங்கம் புதிதாகக் கூட்டப்பட்டது. அதன் பின்பே கார்லோ மலதெஸ்தா அவருடைய பதவி விலகலை அறிவித்தார். எனவே முறையான திருத்தந்தை முறையாகக் கூட்டி, முறையாக விலகி, இடம் காலியான பிறகு மார்ட்டின் வந்தார். சங்கிலி எங்கேயும் அறுபடவில்லை. ஏப்ரல் 6 தீர்மானம் அந்தக் கூட்டலுக்கு முந்தியது, திருச்சபையைக் கட்டுப்படுத்தாது.

வைகைக்கரையான்:
அக்கா, அந்த நாள்தான் என் வலுவான சான்று. கிரகோரி கூட்டுவதற்குச் சங்கம் சம்மதித்தது உண்மை. ஏற்கெனவே எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்த சங்கம், ஒரு முதியவரின் மானத்தைக் காக்க அந்த வாசிப்புக்கு இடம் கொடுத்தது. முந்தைய தீர்மானங்களை ரத்து செய்ததா? இல்லை. பெனடிக்டை 1417 ஜூலை 26-இல் நீக்கியபோதும் தன் அதிகாரத்தில்தான் நீக்கியது.

மார்ட்டின் யார் என்று பாருங்கள். ஒத்தோனே கொலோன்னா. 1405-இல் ரோம் வரிசையின் ஏழாம் இன்னொசென்ட் கர்தினாலாக்கியவர். கிரகோரியைக் கைவிட்டுப் பீசாவுக்குப் போய் அலெக்சாண்டருக்கும், அடுத்த ஆண்டு யோவானுக்கும் ஓட்டுப் போட்டவர். உங்கள் கணக்குப்படி கிரகோரி மட்டுமே உண்மையானவர் என்றால், கொலோன்னா பல ஆண்டு பிளவுக்காரராக இருந்தவர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 23 கர்தினால்கள், அவர்களில் யோவானே நியமித்தவர்களும் உண்டு. அவர்களோடு ஐந்து நாட்டினங்களிலிருந்து ஆறாறு பேராக 30 பிரதிநிதிகள். கர்தினால் அல்லாத 30 பேருக்கு ஓட்டுரிமை கொடுத்தது எந்தச் சட்டம்? சங்கத்தின் சட்டம்தான்.

பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1492-இல் ரொத்ரிகோ போர்ஜா ஆறாம் அலெக்சாண்டர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆறாம் என்றால் பீசாவின் ஐந்தாம் அலெக்சாண்டரை எண்ணியிருக்கிறார். 1523-இல் மெதிச்சி குடும்பத்தவர் மறுபடி ஏழாம் கிளமெண்ட் ஆனார்; அவிஞ்ஞோன்காரரை எண்ணவில்லை. ஃபுளோரன்ஸ் திருமுழுக்குக் கோயிலில் தொனத்தெல்லோவும் மிக்கெலோத்ஸோவும் செய்த யோவானின் கல்லறையில் "முன்னாள் திருத்தந்தை" என்று பொறித்தார்கள். 1958-இல் ரொங்காலி இருபத்துமூன்றாம் யோவான் என்ற பெயரை எடுத்தபோதுதான் அந்த எண் இன்னொருவருக்குப் போனது. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ரோமே தெளிவாகச் சொல்லாத ஒன்றை 1378-இல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது போல் எப்படிப் பேசுவது?

பழந்தாள்:
கொலோன்னா பற்றிய குறிப்பு கனமானது. கிளாரா அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கிளாரா திருச்சி:
சொல்கிறேன். கிரகோரி சங்கத்தைக் கூட்டியபோது அதில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் ஏற்றுக்கொண்டு கூட்டினார். கொலோன்னாவும் அதில் அடக்கம். விலகியபின் தேர்தலைச் சங்கம் நடத்தட்டும் என்று விட்டார். ஆகவே 30 பேரின் ஓட்டுக்கும் ஊற்று அவருடைய ஆணைதான். அதைச் சங்கம் சடங்காக நினைத்திருக்கலாம், சட்டம் சடங்கில்தான் நிற்கிறது. தொண்ணூறு வயதை நெருங்கிய ஒருவர், தன்னிடம் மீதமிருந்த ஒரே பொருளான உரிமையை, சண்டை முடியட்டும் என்று கீழே வைத்தார். யோவான் ஓடினார், பெனடிக்ட் கோட்டையில் ஒளிந்தார். விலகியவர் இவர் ஒருவர். அதை "மானம் காக்க" என்று தள்ளிவிடாதீர்கள்.

வக்கீல் துரை:
இந்த இடத்தில் நான் கிளாரா பக்கமும் முழுதாக இல்லை, வைகைக்கரையான் பக்கமும் முழுதாக இல்லை. 1378-இல் அர்பனின் தேர்தல் செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செல்லும் தேர்தல் மட்டும் போதாது என்பதை நோச்சேராக் கோட்டை காட்டியது. ஏப்ரல் 6 தீர்மானம் அந்த ஓட்டையை அடைக்க வந்தது. 1417 அக்டோபர் 9-இல் சங்கம் இன்னொன்றும் செய்தது: சங்கம் குறித்த இடைவெளிகளில் தவறாமல் கூட வேண்டும், முதலில் ஐந்து ஆண்டில், அடுத்து ஏழு, அதன்பின் பத்து ஆண்டுக்கொரு முறை. மார்ட்டின் அதற்குக் கட்டுப்பட்டுப் பாவியாவில் கூட்டினார், அடுத்த சங்கத்துக்குப் பாசல் நகரத்தில் ஏற்பாடும் செய்தார்.

பாசலில் கெட்டது. அங்கே சங்கம் திருத்தந்தையோடு மோதி, 1439-இல் சவோய் கோமகன் அமதேயுவை ஐந்தாம் ஃபெலிக்ஸ் ஆக்கியது. பிளவை முடிக்கப் பிறந்த அதிகாரமே புதிய பிளவை உண்டாக்கியது. அந்த ஃபெலிக்ஸிடம் செயலராக இருந்த எனேயா பிக்கொலோமினி, பிறகு இரண்டாம் பயஸ் ஆகி, 1460-இல் திருத்தந்தையின் முடிவை எதிர்த்துச் சங்கத்திடம் முறையிடுவதையே தடைசெய்தார். கதவு சாத்தப்பட்டது. 1517-இல் லூத்தர் கிளம்பி, அடுத்த ஆண்டே பொதுச்சங்கத்திடம் முறையீடு என்று எழுதிக் கொடுத்தபோது அதைக் கேட்க ஒரு மன்றம் இல்லை. வைகைக்கரையான், சங்கத்துக்கு மேலதிகாரம் இருந்தது என்று நிறுவுவது உங்கள் பாதி வேலைதான். பாசலில் அது ஏன் தன்னையே தின்றது என்பதற்கும் நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

வைகைக்கரையான்:
வைக்கிறேன், ஐயா. கான்ஸ்டன்ஸில் ஜெர்சனும் தெய்யியும் இருந்தார்கள், அரசர்களும் கர்தினால்களும் ஐந்து நாட்டினங்களும் ஒரே பக்கம் நின்றார்கள். பாசலில் ஃபெலிக்ஸ் வந்த நேரத்தில் கர்தினால்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், பெரிய அரசுகளும் ஏற்கவில்லை. சங்கம் என்பது அதில் வந்து உட்காருகிறவர்களின் சம்மதம்தான். அது போனபின் மீந்தது தீர்மானம் எழுதும் தாள். ஆனால் திருத்தந்தையின் அதிகாரத்துக்கும் அதே நிபந்தனை உண்டு என்பதை ஃபோந்தியில் எல்லோரும் பார்த்தார்கள். ஏப்ரல் 6 தீர்மானத்தை மூல வாசகத்தோடு ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து நாளை இங்கேயே பதிகிறேன். "பிளவை நீக்குதல்" என்ற சொல் அதன் வரம்பா, உதாரணமா என்பதில்தான் எனக்கும் கிளாரா அக்காவுக்கும் உள்ள வேறுபாடு முழுதும் இருக்கிறது.